கடைசி வரியில் அலறும் வண்டி

டிரைவர்: இந்தக் காலத்துல எவன் எவன் மூஞ்சியப் பாத்துப் பேசறான்? எல்லாத்துக்கும் நடுவுல ஒரு ஆள் வேணும். ஊரே உங்க போட்டோவைச் சட்டையில போட்டுக்கிட்டுத் திரியுது. நீங்க என்னடான்னா இந்த ரெக்கார்டிங் ரூம்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிட்டு, வண்டி ஓட்டற என் வாய் வழியா பேசறீங்க!

பாடகர்: புலம்பாம அவன்கிட்ட சொல்லுங்கண்ணே. நான் மெதுவா பாடறேன்... டிரம்ஸ் பஸ்ஸைப் பிடிக்கப் போற மாதிரி ஓடுது.

டிரம்மர்: அண்ணே, அவன் நடுவுல தூங்கிட்டா நான் என்ன பண்றதுன்னு கேளுங்க.

டிரைவர்: தூங்கிட்டா என்ன பண்றதுன்னு கேக்கறான்.

பாடகர்: தட்டி எழுப்பத்தானே அவன் இருக்கான்னு சொல்லுங்க.

டிரைவர்: நீங்களே சொல்லிக்கோங்கடா! எனக்கு வாய் வலிக்குது.

பாடகர்: இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோங்கண்ணே. இந்தப் பாட்டைப் பதிவு பண்ணிட்டா குழு கலைஞ்சுது. அவன் வழி அவனுக்கு, என் வழி எனக்கு.

டிரைவர்: எல்லாம் ஒரு ஆப்பிளால!

பாடகர்: பின்ன? மேடையில நான் உருகி உருகிப் பாடறேன்... பின்னாடி மைக்குல ‘கறுக்’னு கடிக்கறான். மைதானமே சிரிச்சுது!

டிரம்மர்: அந்தப் பாட்டுல எனக்கு வேலையே வெக்கல. சும்மா உக்காந்திருந்தா பசிக்காதா?

பாடகர்: நேரா பேசாதே!

டிரம்மர்: அண்ணே, நான் நேரா பேசலன்னு சொல்லுங்க.

டிரைவர்: அட, பாடித் தொலைங்கடா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு பண்றவர் கையைத் தூக்கிட்டாரு.

பாடகர்: முதல்ல அந்தக் கதவை மூடுங்க.

டிரைவர்: முடியாது. மூடின ரூம்ல எனக்கு மூச்சு முட்டும். இடுக்குல செருப்பை வெச்சிருக்கேன், இருக்கட்டும்.

பாடகர்: “கதவைச் சாத்தாதே... நான் இன்னும்...” க்ஹும்! க்ஹும்!

டிரம்மர்: போச்சு! கடைசி வரியில இருமல்.

பாடகர்: தொண்டை கரகரங்குது... மறுபடி. “கதவைச் சாத்தாதே... நான் இன்னும்...”

டிரம்மர்: ஐயையோ... குச்சி வழுக்கிடுச்சு.

பாடகர்: அதே இடத்துல! குச்சியைப் பிடிக்கத் தெரியாதவன் எதுக்கு டிரம்ஸ் முன்னாடி உக்காந்திருக்கான்னு கேளுங்கண்ணே!

டிரைவர்: கேட்டுட்டான். நீ பாடு.

பாடகர்: “கதவைச் சாத்தாதே... நான் இன்னும்...” என்ன சத்தம் அது? மறுபடியும் வாசல்ல நம்ம வண்டியா அலறுது?

டிரைவர்: பூனை ஏறியிருக்கும்... இதோ, நின்னுடுச்சு பாரு.

டிரம்மர்: காலையிலேர்ந்து எத்தனை பூனைண்ணே?

டிரைவர்: பூனையை விடு. உங்க ரெண்டு பேரையும்தான் கவனிச்சுக்கிட்டிருக்கேன். ஏண்டா, டீ குடிக்கறப்ப கூரை அதிரச் சிரிச்சியே, அப்ப எங்க போச்சு இந்த இருமல்? கடைசி வரிக்குன்னு சொல்லி வெச்ச மாதிரி வருது! நீ... ரெண்டு குச்சியையும் விரல்ல சுத்தி வித்தை காட்டற பய. உனக்கு வழுக்குதா?

பாடகர்: பாட்டு முடிஞ்சா... எல்லாம் முடிஞ்சுடும்ல. அதான்... இருமினேன்.

டிரம்மர்: நீயுமா?

பாடகர்: நீயுமாவா? அப்ப அந்தக் குச்சி...

டிரம்மர்: வேணும்னேதான் போட்டேன். உன்னை விட்டா எவன்கூட நான் சண்டை போடறது?

பாடகர்: லூசு... இனிமே நான் உருகும்போது வாழைப்பழம் தின்னு. சத்தம் வராது.

டிரம்மர்: பாத்தீங்களாண்ணே, நேரா பேசறோம்! குழு கலையல!

டிரைவர்: நான் நம்ப மாட்டேன். நாளைக்கே வாழைப்பழத் தோலுக்கு அடிச்சுக்குவீங்க. எனக்கு வண்டியில வேலை கிடக்கு.

பாடகர்: இருங்க, இருங்க. வண்டி அலறினப்பல்லாம் உங்க கை எதுக்குண்ணே சட்டைப் பைக்குள்ளேயே இருந்துச்சு?

டிரைவர்: சாவி இருக்கு. விழுந்துடக் கூடாதில்ல?

டிரம்மர்: அந்தச் சாவியில அலற வெக்கற பட்டனும் இருக்கே!

டிரைவர்: ...நகரு, செருப்பை எடுத்துக்கறேன்.

பாடகர்: அண்ணே! கடைசி வரி வந்தா மட்டும் எப்படி அந்தப் பூனை...

டிரைவர்: பாட்டு சகிக்கல, அமுக்கினேன்! வேற எதையும் நெனச்சுக்காதீங்க. நாளைக்குக் காலையில வண்டி வாசல்ல நிக்கும்... ரெண்டு பேரும் ஒரே சீட்டுல உக்காந்தா அப்ப நம்பறேன். கதவை நீங்களே மூடிக்கோங்க.