தரையில்லாத கோளில் தரையிறங்கவில்லையாம்!

எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய அக்கா! வாயுப் பெருங்கோளின் வயிற்றுக்குள்ளேயே ஆய்வுக்கலம் செலுத்திய அருந்திறலே! எதைக் காட்டினாலும் "அழுத்தம் பாத்தியா?" என்று கேட்டுக் கேட்டே 'அழுத்தக்கா' எனப் பேர் வாங்கியவரே! வணக்கம்.

பணி ஓய்வு வாழ்த்து மடலில் வசை கூடாது என்பார்கள். மன்னியுங்கள், இன்று எங்களுக்கு வயிறு எரிகிறது.

மேகத்தின் கீழ் மேகமும் புயலின் கீழ் புயலுமாய்ச் சுழலும் கோள் அது. கால் ஊன்றத் தரை கிடையாது. இறங்க இறங்க அழுத்தமும் வெப்பமும் ஏறும். கதிர்வீச்சு கருவிகளின் கண்ணைக் குருடாக்கும். இங்கிருந்து ஓர் ஆணை போய்ச் சேருமுன் அங்கே எல்லாம் முடிந்துவிடும். ஆகவே, தானே முடிவெடுத்து, நசுங்கும் நொடிவரை பேசிக்கொண்டே போகும் கலத்தையல்லவா படைத்தீர்கள்! சோதனையில் கூடு பிளந்தபோதெல்லாம், தேநீர் ஆறுவதையும் மறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினீர்களே!

கலம் பாய்ந்தது. காற்றின் வேகம், நீராவியின் அளவு எல்லாம் சொல்லிக்கொண்டே, நாம் கணித்த ஆழத்தையும் தாண்டிப் போய் அடங்கியது. கட்டுப்பாட்டு அறையில் நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம். "அழுதது போதும்பா, எல்லாம் பதிவாச்சான்னு பாருங்க" என்றீர்கள் நீங்கள்.

மறுவாரமே நிர்வாகம் வாசற்கூடத்தில் பலகை மாட்டியது: 'தரையிறங்கவில்லை. தோல்வி.' என்னே அறிவு! என்னே ஆராய்ச்சி! பாறைக்கோளுக்குப் போன கலங்களுக்கு எழுதிய அதே சொல்லை இதற்கும் ஒட்டிவிட்டார்கள். திருத்தச் சொல்லி நடையாய் நடந்தோம். "அடுத்த தடவை தரை இருக்கற பக்கமா பாத்து இறக்குங்க" என்றார், இதோ முன்வரிசையில் பூங்கொத்தோடு வீற்றிருக்கும் மேலதிகாரி. கழுதைக்கும் கற்பூரத்துக்கும் உள்ள உறவை இங்கே நாங்கள் விளக்கப் போவதில்லை; மடல் நீண்டுவிடும்.

அந்தப் பலகையைக் கடந்துதான் அக்கா, ஆண்டுக்கணக்காக வந்து போனீர்கள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. எங்களுக்குத்தான் நெஞ்சு கொதித்தது. கடைசி நாளும் அதன் அடியில் தலைகுனிந்தா வீடு திரும்புவீர்கள்? கூடவே கூடாது!

நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழ்க! யார் அழுத்தினும் நசுங்காத அந்த நெஞ்சும் வாழ்க!

இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று; ஆனால் உங்கள் வீட்டுக்குத் தரமாட்டோம். பலகையைக் காலையிலேயே கழற்றிவிட்டோம். ஆணி அங்கேயேதான் இருக்கிறது.

இவண்,
கழற்றியது யார் என்று கேட்டால் ஒருவர் விடாமல் கைதூக்கும்
ஆய்வுக்கலப் பிரிவுப் பணியாளர்கள்