ஒரு நாள் நிற்காத தண்ணீர்

— பைய கீழ வெச்சுட்டு அப்பால கேளேன் சுலோ. பஸ்ஸுல இருந்து எறங்கி ஒரு வாய் தண்ணிகூட குடிக்கல நீ.

— என் தண்ணி இருக்கட்டும்யா. தொட்டிக்கு இன்னா தண்ணி ஊத்தன, அத்த மட்டும் சொல்லு.

— இன்னா தண்ணி ஊத்துவாங்க? மீனுத் தொட்டிக்கு டீயா ஊத்துவாங்க?

— நேத்து காலையில வேலப்பன்சாவடிக்கு, என் தங்கச்சி ஊட்டு காதுகுத்துக்குக் கெளம்பசொல்ல, இந்த ரெண்டு டிஸ்கஸ் மீனும் கனகாம்பரக் கலர்ல தகதகன்னு நின்னுச்சு. ஒடம்பு பூரா குஞ்சுங்க ஒட்டிக்கினு மேஞ்சுக்கினு இருந்துது. இப்போ பாரு. ரெண்டும் அடுப்புக்கரியா கறுத்துப் போயி, மூலையில சாஞ்சுக்கினு மூச்சு வாங்குது. குஞ்சுங்க அப்பன் ஆத்தா தெரியாம செதறிக் கெடக்குது.

— மீனுன்னா ரவ கறுக்கும். வெயில்ல போனா நானுந்தான் கறுக்கறேன்.

— தண்ணில காரம் பாக்கற அந்த சொட்டு மருந்து பாட்டில எடு. தொட்டித் தண்ணிய கண்ணாடிக் குப்பியில புடி. மூணு சொட்டு உடு.

— தோ, உட்டாச்சு.

— இன்னா கலரு வர்து? நீயே சொல்லு.

— நீலம்.

— நல்லா வெளிச்சத்துல பாத்து சொல்லு.

— நீலந்தான்டி. பள்ளிக்கூடத்து பாவாட நீலம். போதுமா?

— மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவுல நிக்கணும் அது. நீலம்னா காரம் எகிறிப் பூட்ச்சுன்னு அர்த்தம். ட்ரம்முல பாதாம் எலையப் போட்டு, ஒரு நாள் முச்சூடும் நிக்க வெச்ச தண்ணின்னா அப்டித்தான் காட்டும். வந்ததும் ட்ரம்மத் தொறந்து பாத்துட்டேன்யா. மூடி வரைக்கும் தளும்புது. ஒரு மக்குகூட எடுக்கல நீ. மோட்டாரப் போட்டு, ஓசுல நேரா உட்டியா?

— ஆமா, உட்டேன். நேத்து சாயங்காலம் பாதித் தண்ணிய எறச்சுட்டு உட்டேன். த பாரு, சொட்டு போட்டுப் பாத்துட்டுத்தான் உட்டேன். பச்சையாதான் வந்துது. உம்மேல சத்தியமா.

— எம்மேல எதுக்குய்யா சத்தியம்? நடுவுல நானு இன்னா பண்ணேன்?

— நம்ப மாட்டியே, அதுக்குத்தான்.

— நம்பறேன். பச்சையாதான் காட்டியிருக்கும். போருல இருந்து ஏறி வர்ற தண்ணில கேஸ் அடைச்சுக்கினு இருக்கும், சோடா பாட்டிலாட்டம். புடிச்ச ஜோருக்கு சொட்டு போட்டா பச்சைன்னு காட்டி ஏமாத்திடும். தொட்டிக்குள்ள காத்துக் கொப்புளம் ஓட ஓட அந்த கேஸு பூடும். காலையில பாத்தா நீலமா ஏறி நிக்கும். அதுக்குத்தான் ஒரு நாள் வெளிய நிக்க வெச்சு, அப்பால சொட்டு பாக்கறது. உன் தப்பு இல்ல. யாரா இருந்தாலும் ஏமாந்துதான் போவாங்க.

— பாத்தியா. நீயே சொல்ட்ட.

— அந்த மெல்லிசு டியூப எடு.

— டியூப்பு எதுக்கு? ட்ரம்மு தண்ணிய ஒரேயடியா மாத்திட்டா முடிஞ்சுது. ரெண்டு பக்கெட்டு, அஞ்சு நிமிசம்.

— ஐயோ, கைய எடுய்யா! ஏற்கெனவே ஒரு தபா காரத்த மேல தூக்கிப் போட்டாச்சு. திரும்ப ஒரேயடியா கீழ எறக்குனா உசுரு தாங்குமா? டியூப்புல ஒரு முடிச்சப் போடு. சொட்டுச் சொட்டா எறங்கட்டும். சாயங்காலம் ஆனாலும் ஆவும்.

— மூணு மணிக்கு ஹேமநாதன் வர்றாரே, ஆவடி குவார்ட்டர்ஸ்ல இருந்து. குஞ்சு மேயறத போன்ல படம் புடிக்கணும்னு சொன்னாரே.

— குஞ்சு இருந்தா புடிப்பாரு. இல்லாட்டி வெறுந்தொட்டியப் பாத்துட்டுப் போவாரு. எனக்கு அவரா முக்கியம்? ரெண்டு வருசமா இந்த ஜோடி முட்ட போட்டுப் போட்டு அதுங்களே தின்னுடும். இப்பதான் மொத வாட்டி பொரிச்சு, குஞ்சுங்க மேல ஏறிச்சு. பெத்ததுங்க ஒடம்புல ஊர்ற பாலுதான் அதுங்களுக்கு சோறு. இன்னிக்கி ஏறலன்னா நாளைக்கி ஒண்ணுகூட இருக்காது.

— அவருக்கு மீனு ஒரு சாக்கு. உன்னப் பாக்கத்தான் வர்றாரு.

— இன்னா சொன்ன?

— ஒண்ணும் சொல்லல. டியூப்ப புடிச்சிக்கினு கீறேன்.

— சொல்லுய்யா. பாதி முழுங்குனா எனக்குப் புடிக்காது.

— நேத்து ரெண்டு பேரு வந்தானுங்க, வண்டி போட்டுக்கினு. வாசல்ல நின்னு 'அக்கா இல்லீங்களா'ன்னானுங்க. 'இன்னா வேணும், என்னக் கேளு'ன்னேன். 'இல்லீங்க, தண்ணி மேட்டரு, அக்கா வரட்டும்'ன்றான் ஒருத்தன். இன்னொருத்தன் என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு 'நீங்க அக்காகிட்ட வேல செய்றவரா'ன்றான். என் ஊட்டு வாசல்ல! இந்தக் கள்ளிக்குப்பத்துல!

— நீ இன்னா சொன்ன?

— 'ஆமா, வேல செய்றவன்தான்'னேன்.

— ஐய.

— சிரிக்காத.

— சிரிக்கலய்யா. முடிச்ச ரவ தளத்து. ஆங், போதும்.

— இந்த ஸ்டாண்டு எவன் அடிச்சான்? பாடி கம்பெனில ஷிப்டு முடிச்சுட்டு வந்து, கண்ணெரிய எரிய வெல்டிங் வெச்சு நான் அடிச்சது. மீனுன்ற ஆசைய இந்த ஊட்டுக்குள்ள கொணாந்தது எவன்? நானு. இன்னிக்கி கம்பெனி கேட்டுல கோவிந்தன்ற பேரே பூட்ச்சு. 'மீனக்கா ஊட்டுக்காரரு வர்றாரு, வழி உடு'ன்றானுங்க. எவனோ முன்னபின்ன தெரியாதவனுக்கு, எல எத்தினி போடணும், எத்தினி நாள் நிக்கணும்னு அர மணி நேரம் போன்ல சொல்ற. பக்கத்துல குந்திக்கினு கீறவன்கிட்ட மட்டும் 'தொடாத, தொடாத'.

— 'நான் தொட்டா சாவுது'ன்னு நீதான்யா சொல்லிக்கினு திரிஞ்ச. ராசியில்லாத கைன்னு தெருவெல்லாம் சொன்னது நீ.

— பின்ன? அஞ்சு வருசம் முன்னாடி கொளத்தூர்ல இருந்து என் மொத ஜோடிய மடியில வெச்சு பஸ்ஸுல கொணாந்தேன். கடக்காரன் சொன்னபடி ட்ரம்முல தண்ணி நிக்க வெச்சேன். சொட்டு பாட்டிலையும் பக்கத்துல வெச்சுட்டு, 'இந்தத் தண்ணிதான் ஊத்தணும்'னு உன்கிட்டயும் சொல்லிட்டுத்தான் ஷிப்டுக்குப் போவேன். தீபாவளிக்கு மறுநாளு வந்து பாக்கறேன், ரெண்டும் மல்லாந்து கெடக்குது. அன்னியோட கைய உட்டேன். ஒரு வருசம் கழிச்சு நீ எடுத்த. உன் கையில வெளையுது. எனக்கு எப்டி இருக்கும்?

— வயித்தெரிச்சலா இருந்துதா?

— இருந்துது. மீனு மேல இல்ல. உன் கை மேல.

— எனக்கு உன் கண்ணு மேல இருந்துது.

— இன்னா?

— ஷிப்டு உட்டு வந்தா செருப்பக்கூட கயட்டாம அதுங்க முன்னாடி போயி குந்திக்குவ. உள்ள சோறு ஆறிக்கினு இருக்கும். 'கண்ணு சாப்ட்டியா, செல்லம் சாப்ட்டியா'ன்னு மீனக் கேப்ப. என்ன ஒரு நாளாவது கேட்டுகீறியா?

— அதெல்லாம் இப்போ எதுக்குடி எடுக்கற?

— சும்மா தோணிச்சு. அந்த ஆம்பள மீனப் பாரு. கறுப்பு ரவ உட்டு வர்ல?

— ஆமா. முதுகுல கலரு தெரியுது. ஏய், ஒரு குஞ்சு ஏறிச்சு! தோ, இன்னொண்ணு!

— கத்தாத. பொம்பள மீனு?

— அது இன்னும் சாஞ்சுக்கினுதான் கீது.

— பொயச்சா பாக்கலாம். அப்பன்காரன் ஒருத்தனே பால் குடுத்து வளத்துடுவான், இந்த சாதியில.

— சுலோ.

— ம்.

— கேஸு, சோடா பாட்டிலுன்னியே. அது மெய்யாலுமேவா?

— மெய்தான்.

— எனக்குத் தெரியாது அது.

— தெரியாமதானே உட்ட. உன் தப்பு இல்லன்னு சொல்ட்டேன், உடுய்யா.

— நீ இப்டி உடசொல்லதான் மறைக்க முடியல. நேத்து வந்தானுங்களே, அவனுங்க வண்டி தெருமுன திரும்பறதுக்குள்ள மோட்டாரப் போட்டுட்டேன். ட்ரம்மு கண்ணு முன்னாடிதான் இருந்துது. சொட்டு பாட்டில நான் தொடவே இல்ல சுலோ. பச்சையும் பாக்கல, ஒரு மண்ணும் பாக்கல.

— தெரியும்யா. அந்த தீபாவளி அன்னிக்கி மோட்டாரப் போட்டு உன் ஜோடிக்கு ஓச உட்டவ நான்தான். நானும் சொட்டு போட்டுப் பாக்கல.