இருபது நாள் லீவு

இல்லம்மா, அந்தப் பெட்டிய இழுக்காதே. மேல் வீட்டுக்காரம்மாகிட்ட இரவல் வாங்கினது, ஒரு சக்கரம் ஏற்கெனவே ஆடிட்டிருக்கு. அது பாட்டுக்குக் கிடக்கட்டும், நீ இப்படிக் கட்டில்ல வந்து உக்காரு. முக்கியமானத மட்டும் சொல்லிடறேன். கார் ரெண்டு மணிக்கு வந்துடும். இப்ப என்ன, பன்னெண்டே முக்காலா? போச்சு போ.

மாத்திரை இந்த டப்பாவுல இருக்கு. காலையில வெள்ளை, சாப்பிட்டப்புறம் மஞ்சள். அத்தை அந்த மஞ்சள நாக்குக்கு அடியில ஒதுக்கி வெச்சுட்டு முழுங்கிட்டேன்னு சொல்வாங்க. வாயத் திறக்கச் சொல்லிப் பாரு. கூச்சமே படாதே, நானும் பாக்கறேன். இடது காது கேக்காது, வலப் பக்கம் நின்னு பேசு. ஆனா அவங்களப் பத்தி யாராவது பேசினா ரெண்டு காதும் நல்லாவே கேக்கும். அத மனசுல வெச்சுக்கோ.

மாமியார்தான்மா. என்னோட அம்மான்னு நெனச்சியா? நெறைய பேர் அப்படித்தான் நெனைக்கறாங்க. நாங்களும் திருத்தறதில்ல.

குளியலறைக்குப் போறப்ப கையப் பிடிக்காதே, கோவம் வரும். சும்மா பின்னாலயே போ. போன மாசம் வழுக்கி விழுந்து இடுப்புல அடி. அதுக்குத்தான் உன்ன மாதிரி படிச்ச நர்ஸ் வேணும்னு தேடினேன். தெரிஞ்சவங்கள விட்டா மூணாவது நாளே மல்லுக்கு நிப்பாங்க.

இரு, இந்த எடை மெஷின்ல ஏறிப் பாத்துடறேன். பெட்டியத் தூக்கிட்டு ஒரு தடவ, தூக்காம ஒரு தடவ. கழிச்சுப் பாத்தா பெட்டியோட எடை. இருபத்தி நாலு! பிளேன்ல விடறத விட ஒரு கிலோ அதிகம். காலையில சரியாத்தானே இருந்துச்சு? ஓ... பாரு, இங்க பாரு. மறுபடியும் செருப்ப உள்ள வெச்சிருக்காங்க. என் வீட்டுக்காரரோட பழைய தோல் செருப்பு. நான் எடுத்து வெளிய வெப்பேன், இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள அவங்க உள்ள சொருகிடுவாங்க. மூணு நாளா இதே கூத்து. அங்க இந்த மாதிரி கெடைக்காதாம், புள்ள கால் பழகின செருப்பாம். போட்டும் விடு. என்னோட புடவை ரெண்ட எடுத்துடறேன். எனக்கு எதுக்கு அங்க அத்தன புடவை? குளிருக்கு எப்படியும் கோட்டுக்குள்ளதான் இருக்கணும். அந்தக் கோட்டும் இரவல்தான்.

லீவா? அத ஏன் கேக்கற. துணி ஃபேக்டரியில செக்கிங்ல இருக்கேன். தையல் விட்டிருக்கா, பட்டன் கோணலா இருக்கான்னு நாளெல்லாம் சட்டையத் திருப்பித் திருப்பிப் பாக்கற வேலை. சூப்பர்வைசர் பத்து நாளுக்கு மேல யாருக்கும் தரமாட்டார். காரணத்தச் சொன்னேன். உடனே இருபதுன்னு எழுதிக் குடுத்துட்டார். விசாவும் அப்படித்தான், மூணே நாள்ல கையில குடுத்துட்டாங்க. என்னைக்கும் இல்லாத அதிசயமா எல்லாரும் எனக்கு வழி விடறாங்க. அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.

ம்ம்? சந்தோஷமாவா? ஆமா, தெருவுல எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. கடைசியில புருஷன் கூப்பிட்டுட்டார் போலன்னு. அத்தையும் அப்படித்தான் சொல்லிட்டிருக்காங்க. கதவு சாத்தியிருக்கா பாரு. லேசா சாத்து.

வெல்டிங் வேலைக்குன்னு போனார்மா. ரெண்டு வருஷ கான்ட்ராக்ட். போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. மூணாவது வருஷமே தெரியும், அங்க ஒருத்தி இருக்கான்னு. ஒரு பொண்ணும் இருக்கு, ஆறு வயசு. அவரே போன்ல சொன்னார், பொய் சொல்லல. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்னு வெச்சுக்கோயேன். நான் கத்தினேன், அழுதேன், அப்புறம் வேலைக்கு நேரமாச்சுன்னு கெளம்பிப் போயிட்டேன். பிரிஞ்சு போறேன்னு எழுதிக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன். அதுக்கு ஓடியாடணும், வக்கீலப் பாக்கணும். இங்க அத்தைக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் சர்க்கரை, அப்புறம் இது, அப்புறம் அது. உக்காந்து நிதானமா வெறுக்கறதுக்குக்கூட எனக்கு நேரம் கெடைக்கல, போ.

அத்தைக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் நெனைக்கறேன்.

அது ஒண்ணு சொல்லணும், நல்ல வேளை ஞாபகம் வந்துச்சு. ஞாயித்துக்கெழமை பத்து மணி ஆனா போன் பக்கத்துல போய் உக்காந்துடுவாங்க. என்ன மறந்தாலும் அம்மாவுக்குப் போன் பண்றத அவர் மறந்ததில்ல. இப்ப நாலு வாரமா வரல. லைன் கோளாறு, சரி பண்ணிட்டிருக்காங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லு. ரொம்பக் கேட்டா, நான் நேர்ல போய்ப் பேச வெக்கறேன்னு சொல்லு. இல்ல... அது வேண்டாம். லைன் கோளாறுன்னு மட்டும் சொல்லு.

ஏன் வரலன்னா... அவ போன் பண்ணினாம்மா. அவர் கூட இருக்கறவ. எட்டு வருஷத்துல முதல் தடவ. அக்கான்னு கூப்பிட்டா. என்னை அக்கான்னு கூப்பிட நீ யாருன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பக்கம் தேம்பித் தேம்பி அழறா. வேலை செஞ்சுட்டு இருக்கறப்பவே விழுந்துட்டாராம். மூளையில ரத்தக் குழாய் வெடிச்சுடுச்சாம். மெஷின்தான் மூச்சு விடுதாம். இனி எழுந்திருக்க மாட்டார்னு மூணு டாக்டர் பாத்துச் சொல்லிட்டாங்களாம்.

தண்ணி வேண்டாம்மா, நீ உக்காரு. நான் நல்லாத்தான் இருக்கேன்.

அவ கையெழுத்து செல்லாதாம். அவ்வளவு நாள் கூட வாழ்ந்து, சோறு போட்டு, புள்ள பெத்தவ. ஆனா காகிதத்துல இன்னும் நான்தானே பொண்டாட்டி? மெஷின நிறுத்தலாம்னு நான் எழுதிக் குடுத்தாத்தான் நிறுத்துவாங்களாம். அதுக்குத்தான் போறேன். வேற ஒண்ணும் இல்ல. இங்கிருந்தே அனுப்பினாப் போதும்னுதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்க. நான்தான் முடியாதுன்னுட்டேன். பதினோரு வருஷமா பாக்காத முகம். ஒரு தடவ பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்னு சொன்னேன்.

ஹாரன் சத்தமா அது? சீக்கிரமே வந்துட்டான் போல. நீ போய் ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லும்மா. நான் அத்தைகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். கையோட எம்புள்ளயக் கூட்டிட்டு வந்துடுன்னுதான் சொல்வாங்க. காலையிலிருந்து நாலு தடவ சொல்லியாச்சு. சரி அத்தைன்னு அஞ்சாவது தடவயும் சொல்லிட்டு வந்துடறேன்.