ஒரு ஜாண் கீழே

சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால்கூட என் கை சும்மா இருக்காது, சார். மட்டம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இதயம் பலவீனமானவர்களுக்குக் கழுத்து வழியாக ஒரு மெல்லிய குழாயை நுரையீரல் ரத்தக்குழாய் வரை டாக்டர் செலுத்துவார். உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் திரையில் எண்ணாகக் காட்டும் சென்சார், கட்டிலருகே கம்பியில் இருக்கும். அதை நோயாளியின் இதயத்துக்கு நேராக நிறுத்துவது என் வேலை. ஒரு ஜாண் இறக்கினால் பன்னிரண்டு என்பது இருபத்தேழாகத் தெரியும்.

என் மனைவியும் நான் வேலை பார்க்கும் வார்டுக்கே வந்தாள், கால் வீங்கி, மூச்சு முட்டி. அவளுக்கும் அந்தக் குழாயைப் போட்டார்கள். நான்தான் தூக்கி உட்காரவைத்தேன், தலை வாரிவிட்டேன். கல்யாணமானதிலிருந்து அவள் என்னிடம் அவ்வளவு ஒட்டுதலாக இருந்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

மருந்து கேட்டது. வீக்கம் வடிந்தது, எண்ணும் இறங்கியது. அப்போதுதான் சொன்னாள்: "டிஸ்சார்ஜ் ஆனதும் அக்கா வீட்டுக்குப் போயிடறேங்க. திரும்பி வரமாட்டேன். உங்ககூட இருந்தா மூச்சு விடக்கூட உங்களக் கேக்கணும்."

நான் கோபப்படவில்லை. "சரிம்மா" என்றேன். போர்வையை இழுத்துவிடும் சாக்கில் சென்சாரை ஒரு ஜாண் இறக்கினேன்.

டாக்டர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் நீர் தேங்கியிருக்கு" என்று நீர் பிரியும் ஊசியைக் கூட்டினார், குடிக்கும் தண்ணீரைக் குறைத்தார். டிஸ்சார்ஜ் தள்ளிப்போனது. நர்ஸ் மட்டம் பார்க்க வந்தால், "இப்பதான் பாத்தேன் சிஸ்டர்" என்பேன். "பொண்டாட்டின்னா தனி கவனிப்புதான்" என்று கிண்டலடித்துவிட்டுப் போவார்.

அவளுக்கு நாக்கு வறண்டது, எழுந்தால் தலை சுற்றியது. சிறுநீர் நின்றபோது அந்தப் பழியையும் இதயத்தின் தலையில்தான் போட்டார்கள். பயமாகத்தான் இருந்தது, சார். ஆனால் எப்படி மேலே ஏற்றுவது? எண் சட்டென்று விழுந்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்காமல் விட்டாலும் அவள் போய்விடுவாள். அந்தக் கட்டிலில் நானும்தான் மாட்டிக்கொண்டேன்.

கடைசியில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாய் தண்ணி குடுங்க. நான் எங்கயும் போகல" என்றாள். அந்த வார்த்தைக்குத்தானே இவ்வளவும். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அன்றே இறந்துபோனாள்.

நான்தான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்று அவள் அக்கா அழுவது நியாயமில்லை. கொடுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவள் உயிரோடு நான் விளையாடுவேனா, சார்?