காலி வீட்டுத் தண்ணீர்

— அதில்ல மாமா, காலியான காலனியிலிருந்து சாக்கடைத் தண்ணி எப்படி வரும்? அதைத்தான் கேக்குறேன்.

— வருதுல்ல? சுத்தம் பண்ணி என் வயலுக்கு விடு. அதை விட்டுட்டு ஆராய்ச்சி என்ன, மாப்ளே?

— மண் இறங்குதுன்னு நாப்பது வீட்டையும் காலி பண்ணி இன்னையோட பத்தொன்பது நாள். உள்ள ஈ காக்கா இல்ல. ஆனா தண்ணி வர்ற அளவைக் காட்டுற இந்தத் திரையைப் பாருங்க. காலையில ஆறு மணிக்கு ஏறுது, ஒன்பதுக்கு டக்குனு நிக்குது. ஜனங்க இருந்தப்போ எப்படியோ, அப்படியே! இந்தச் சுத்திகரிப்பு நிலைய ரூம்ல தனியா உக்காரவே பயமா இருக்கு.

— அட போடா பயந்தாங்கொள்ளி. எங்கயாவது குழாய் உடைஞ்சிருக்கும்.

— உடைஞ்ச குழாய் மணி பாத்தா ஒழுகும்? இன்னொண்ணு. இந்த மெம்பரேன் வடிகட்டியில ஓட்டையெல்லாம் கண்ணுக்கே தெரியாது. கழிவுத் தண்ணின்னா ரெண்டே நாள்ல அழுக்கு அப்பி பிரஷர் முள் சிவப்புக்குப் போயிடும். இப்போ முள் அசையவே இல்ல. அழுக்கைத் தின்ன நான் வளர்த்த கிருமியெல்லாம் பட்டினியில சாகுது. வர்றது நல்ல தண்ணி, மாமா. யாரோ குழாயைத் திறந்து விடுறாங்க.

— கதிர் பால் பிடிக்கிற நேரம்டா. இன்னும் பன்னெண்டு நாள் தண்ணி வேணும். கிணத்துத் தண்ணி உப்பு. போன தடவை மக்காச்சோளம் கருகினப்போ உன் அக்கா மூணு நாள் பச்சைத் தண்ணி பல்லுல படாம கிடந்தா. நீதானே வந்து கெஞ்சி சாப்பிட வெச்சே?

— அடப்பாவி மாமா! நீங்கதானா?

— காலனியோட மேல்நிலைத் தொட்டி மோட்டார் இன்னும் தானா ஓடுது. விடிஞ்சதும் பின்பக்க வேலி வழியா நுழைஞ்சு, வீடு வீடா திறந்து விடுறேன். அது சாக்கடை வழியா உன்கிட்ட வருது, நீ எனக்கு அனுப்புற. வேற வழி தெரியல.

— வெடிச்ச சுவர் மேல விழுந்தா? அக்காவுக்குத் தெரியுமா?

— சொன்னா விடுவாளா? பயமாத்தான் இருக்கு. கொடியில துணி, கண்ணாடி முன்னால சீப்பு, எல்லாம் போட்டது போட்டபடி. நான் எதையும் பாக்காம, குனிஞ்ச தலை நிமிராம போயிட்டு வந்துடுவேன்.

— அப்பாடா! பேய் பிசாசுன்னு இத்தனை நாளா எனக்குத் தூக்கமே இல்ல. வர்ற ஆத்திரத்துக்கு உங்களை இந்தத் தொட்டியிலயே முக்கி எடுக்கணும்.

— பன்னெண்டு நாள் கழிச்சு முக்கு. ஆபீசுல மட்டும் சொல்லிடாதே, மாப்ளே. உன் கையைப் பிடிச்சுக் கேக்குறேன்.

— கையை விடுங்க மாமா, மானம் போகுது. சொல்லல, போதுமா? ஆனா நாளைக்கு மத்தியானம் பெரிய இன்ஜினியர் வந்து இதே திரையைப் பாப்பாரு. நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடினாத்தான் குழாய் உடைப்புன்னு சமாளிக்கலாம். அதனால ஒன்பது மணிக்குப் போய் வீடு வீடா மூடுறீங்களே, அதை மட்டும் நிறுத்திடுங்க.

— நான் எங்கடா மூடுறேன்? திறந்து விட்டுட்டு ஏழு மணிக்கெல்லாம் வயலுக்கு வந்துடுவேனே. மறுநாள் போனா எல்லாம் இறுக்கி மூடியிருக்கும். அது யாருன்னு உன்கிட்ட கேக்கவும் வழியில்லாமல்ல இருந்தேன்!