சில்லறை மந்திரம்

— இதுக்குப் பேரு மந்திரமா, டீச்சரம்மா? ஒரு பொருளைத் தொட்டா அதை யார் செஞ்சாங்கன்னு தெரியுமாம். தெரிஞ்சு என்ன பண்ணப்போற, பானை செஞ்சவனுக்கு நன்றிக் கடுதாசி எழுதுவியா?

— சில்லறை மந்திரம்தானே அத்தான். எத்தனை தடவை போட்டாலும் சக்தி செலவாகாது, அதனால சின்னதாத்தான் இருக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க.

— சின்னதா இருக்கணும்னேன். ஒண்ணுமே இல்லாம இருக்கணும்னு சொல்லல. எட்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இந்தச் சாப்பாட்டு மேஜையில, ஆளுக்கொரு கதாபாத்திரமா மாறிக் கதைக்குள்ள விளையாடுற ஆட்டம் நடத்துறேன். பகடையை உருட்டத் தெரிஞ்சவனெல்லாம் மந்திரம் எழுதிட்டு வந்து நின்னிருக்கான். இந்த மாதிரி ஒரு உப்புச்சப்பில்லாத சரக்கை நான் பார்த்ததே இல்ல.

— பிடிக்கலன்னா விட்டுடுங்க.

— எங்க விடுறது? உங்கக்கா மூஞ்சைத் தூக்கி வச்சுக்குவா. தங்கச்சி ஆசையா எழுதியிருக்கா, பார்த்துக் கையெழுத்து போடுங்கன்னு காலையிலேர்ந்து நச்சரிப்பு. குடு இப்படி, திருத்தித் தர்றேன். அந்தச் சிவப்புப் பேனாவையும் குடு. தினமும் பசங்க நோட்டைத் திருத்துறல்ல, இன்னைக்கு உன் நோட்டை நான் திருத்துறேன்.

— திருத்துங்க.

— 'மந்திரச் சொல் எதுவும் இல்லை, தொட்டால் போதும்.' ஏன், வாயைத் திறக்கக்கூட வலிக்குதா?

— சில பேருக்குப் பேச்சு வராதுல்ல அத்தான்.

— சரி, தொலையட்டும். இதென்ன? 'ஆட்டத்தின் உலகத்துக்குள் உள்ள பொருளை மட்டும்.' எதுக்கு இது?

— ஒரு பாதுகாப்புக்குப் போட்டேன்.

— கேள்வித்தாள் எழுதி எழுதி உனக்கு மூச்சு விடுறதுக்கும் நிபந்தனை வேணும். தொட்டா தொட்டதுதான். அடிச்சுட்டேன்.

— அப்போ எந்தப் பொருளா இருந்தாலும் சரியா?

— எதை வேணும்னாலும் தொடும்மா. குண்டூசியைத் தொடு, குக்கர் மூடியைத் தொடு. அதனால உலகம் கவுந்துடாது. அடுத்து, 'செய்தவர் பெயர், மந்திரம் போட்டவர் காதில் மட்டும் விழும்.' அதாவது நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து கிசுகிசுக்கணும். எனக்கு வேற பொழப்பில்ல பாரு. 'ஆட்டம் நடத்துபவர் எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும்.' மாத்தியாச்சு.

— கேட்டா உண்மையைத்தானே சொல்வீங்க?

— கொஞ்சம் அளந்து பேசு. மந்திரம் கேட்டா நடத்துறவன் பொய் சொல்லக்கூடாது. அது நான் போட்ட முதல் விதி. சொந்தத் தம்பி அழுது கேட்டும் அவன் பாத்திரத்தைக் காப்பாத்தப் பொய் சொல்லாதவன் நான். வரப்போற ஆட்டப் புத்தகத்துல முதல் பக்கமே அந்த விதிதான்.

— புத்தகம் முடிவாயிடுச்சா?

— பதிப்பாளர் நாலு மணிக்கு வர்றார். ஒரு ஆட்டம் உக்காந்து பார்த்துட்டு ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறேன்னுட்டார். அட்டையில இதோ இந்த வரைபடம், அதுக்குக் கீழ என் பேரு. ஏழு வாசல் நகரம், உப்புக்காடு, தூங்காத ராணி, எல்லாம் முழுக்க முழுக்க என் கற்பனைன்னு முன்னுரை எழுதிக் குடுத்துட்டேன்.

— முழுக்க முழுக்கவா?

— பின்ன யாரோடது?

— அக்கா மாசமா இருந்தப்ப கட்டிலை விட்டு இறங்கவே கூடாதுன்னுட்டாங்களே. லீவுக்கு நான் வந்தப்ப, தலகாணியை மடியில வச்சுக்கிட்டு, கிழிச்ச காலண்டர் தாளையெல்லாம் பின்பக்கம் மேல வர்ற மாதிரி ஒட்டி, இதைத்தான் வரைஞ்சுட்டிருந்தா. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு கதை சொன்னா.

— கோடு போட்டா. பொழுது போகாம நாலு கோடு. அதுல ஆளை நடமாட விட்டு, சண்டை மூட்டி, உசுரு குடுத்தது யாரு? அவளுக்கு அது தெரியும். அதான் எட்டு வருஷமா மேஜைக் கோடியில கம்முனு ஆளுக்கணக்குக்கு உக்காந்திருக்கா.

— வாய் பேச முடியாத சமையல்காரியா.

— அவளுக்கு அது போதும்னு நான்தான் குடுத்தேன்.

— முன்னுரையில ஒரு வரி அவ பேரைப் போடச் சொல்லிக் கேட்டாளாமே.

— கேட்டா. அவ பேரைப் பார்த்தா ஜனங்க சமையல் குறிப்புன்னு நினைச்சுக்குவாங்கன்னேன். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டா. அதோட முடிஞ்சது. இந்தா, உன் சில்லறைக்குக் கையெழுத்து. விதியெல்லாம் எழுதி வைக்கிற பச்சை நோட்டுலயும் ஏத்தியாச்சு.

— தாளோட பின்பக்கம் பார்க்கலையே அத்தான்.

— பின்பக்கம் என்ன, மந்திரம் போடுற பாத்திரத்தோட பேருதானே? ஏதாவது பூ பேரா வச்சிருப்ப. நீயே வச்சுக்க.

— அப்புறம் வேண்டாம்னு அடிச்சுட மாட்டீங்களே?

— நான் கையெழுத்து போட்டதை நானே நினைச்சாலும் அடிக்க முடியாது. ரெண்டாவது விதி. இதைப் போய் யாரு அடிக்கப்போறா, எறும்பை அடிக்கவா உலக்கை எடுப்பாங்க? மணி அடிக்குது பாரு. நகரு, நானே திறக்கிறேன்.

— திறங்க.

— வாங்க சார், வாங்க. செருப்பு இருக்கட்டும். இவங்க நாலு பேரும் நம்ம பழைய ஆட்டக்காரங்க, கீழயே பிடிச்சுட்டாங்களா உங்களை? உக்காருங்க. மேஜையில விரிச்சிருக்கிறதுதான் சார் அந்த வரைபடம். ஒவ்வொரு சந்தும் இந்த மண்டையிலேர்ந்து வந்தது. இது என் மச்சினிச்சி, கணக்கு டீச்சர். இன்னைக்குப் புதுசா ஒரு மந்திரம் எழுதிட்டு வந்திருக்கு, சிரிச்சுடாதீங்க. ம், டீச்சரம்மா, உன் பாத்திரத்தை வச்சுத் தொடங்கு.

— நான் விளையாட வரல அத்தான். வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன்.

— அப்போ இந்த மந்திரம் யாருக்கு?

— இப்பவாவது தாளைத் திருப்பிப் பாருங்க.

— என்ன இது... சமையல்காரியா? ஏய், பாத்திரம் கழுவிட்டிருந்தவ நீ எதுக்கு இங்க வர்ற? ஈரக் கையோட அதுல கை வைக்காத. அட்டைக்குப் போற வரைபடம் அது.

— தொட்டுட்டேங்க. சார் காதுல விழற மாதிரி, சத்தமாச் சொல்லுங்க.