பதினெட்டுத் தலை

— காது பிஞ்சு தொங்குச்சுக்கா, நான் கண்ணால பார்த்தேன். ஸ்னோயி ட்ரெகியர் அதை ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, மறு கையால பந்தைக் குத்தி அனுப்பினான். அவனைவிட முரட்டு ஆளு இந்தக் குரபின் ஆஸ்திரேலிய ஃபுட்பால் கிளப்புக்கு ஆடினதே இல்ல. எழுதி வெச்சுக்கோ.

— எத்தனைதான்டா மெர்வ் எழுதி வெப்பேன்? போன சனிக்கிழமை பெட்கோதான் முரடன்னு எழுதி வெக்கச் சொன்ன.

— பெட்கோ வேற ரகம். அவன் வலியே தெரியாத ஜென்மம். ரெண்டு பல்லு விழுந்துச்சு. பொறுக்கி நடுவர் கையில குடுத்து, "பத்திரமா வெச்சிருங்க, ஆட்டம் முடிஞ்சதும் வாங்கிக்கிறேன்"னான்.

— அந்த நடுவர் கால்சட்டைப் பையில ஓட்டை. பல்லு ரெண்டும் இந்த மைதானத்துலதான் எங்கேயோ புதைஞ்சு கிடக்கு. தெற்கு மூலையில புல்லு கொஞ்சம் முரட்டுத்தனமா வளருதே, அதுக்கு அதுதான் காரணம்னு எங்க வீட்டுக்காரரு சாகுற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு.

— சிரி, நல்லா சிரி. இப்போ ஆடுற பசங்க கால் பிசகினா மூணு வாரம் ஐஸ்கட்டியோட உட்கார்ந்துக்கிறாங்க. இன்னைக்கு வேற பக்கத்து ஊரு பாரடீன்காரனுங்க வர்றானுங்க. நூறு புள்ளி வித்தியாசத்துல உதை வாங்கப் போறோம்.

— உதை வாங்கினா என்ன? இந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. ஆனா ஒரு ஆட்டத்துக்குக்கூட ஆளில்லன்னு சொல்லி வராம இருந்ததில்ல. அதுவும் திமிர்தான். அந்தத் தட்டை எடு, அடுப்புல மீட் பை கருகுது.

— யாரைச் சொன்னாலும் சரி, எல்லாரும் எருதுக்கு அப்புறம்தான்.

— வந்துட்டியா எருதுகிட்ட? எங்கடா இன்னும் காணோமேன்னு பார்த்தேன்.

— எழுபத்தெட்டு இறுதி ஆட்டம். பாரடீன்காரனுங்க ரெண்டு புள்ளி முன்னால. எருது ஹேய்ன்ஸ் நம்ம கேப்டன். மூணாவது கால் பகுதி முடியறப்போ அவனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைஞ்சு சட்டைக்குள்ள கூடாரம் மாதிரி நிக்குது. வெளிய கூட்டிட்டு வந்து கையைக் கழுத்தோட கட்டிப் போட்டாங்க. அவனுக்குப் பதிலா ட்ரெவ் டன்ஸ்டனை உள்ள அனுப்பினாங்க.

— போனவன் திரும்ப உள்ள வரலாம்ங்கிற சட்டமே அந்த வருஷம்தான் வந்துச்சு. ஒருத்தருக்கும் ஒழுங்காத் தெரியாது.

— எருதுக்குத் தெரிஞ்சுது! எட்டு நிமிஷம் பாக்கி. கட்டைப் பிச்சு எறிஞ்சுட்டு, யாரையும் கேக்காம, வேலியைத் தாண்டி உள்ள ஓடினான். அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்குக்கா. கார்ல உட்கார்ந்திருந்தவங்க எல்லாம் ஹாரனை அடிச்ச அடியில எங்க அப்பாவோட ஹோல்டன் காருக்கு பேட்டரியே தீர்ந்து போச்சு.

— தள்ளிக்கிட்டுதான் வீட்டுக்குப் போனோம்.

— அப்புறம் அந்தக் கூத்து. பாரடீன் கேப்டன் விரலை நீட்டி நம்ம ஆளுங்களை ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறான். ரெண்டு தடவை எண்ணிட்டு நடுவர்கிட்ட ஓடி, தலை எண்ணுங்கன்னான். பதினெட்டுக்கு மேல ஒரு தலை இருந்தாலும் நாம அதுவரைக்கும் எடுத்த புள்ளி மொத்தமும் போச்சு. முட்டை. ஊரே மூச்சை நிறுத்திருச்சு. நடுவர் வரிசையா நிக்க வெச்சு எண்ணினாரு. பதினெட்டு! சரியா பதினெட்டு. பாரடீன்காரனுக்கு எண்ணத் தெரியாதுங்கிறது அன்னைக்கே முடிவாயிடுச்சு.

— அதைச் சொல்லியே நாப்பத்தாறு வருஷம் பொழுதை ஓட்டிட்ட.

— சும்மா எண்ணச் சொன்னதுக்குத் தண்டனை, பந்து நம்ம கேப்டன் கையில. எருது கோல் கம்பத்துலேர்ந்து அம்பது மீட்டர் தள்ளி நிக்கிறான். ஒத்தைக் கையால பந்தைக் கீழ விட்டு உதைச்சான். ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல. ஆறு புள்ளி. ஜெயிச்சுட்டோம். இதோ சுவத்துல படம் மாட்டியிருக்கே, அந்த உதைதான். இந்தக் கிளப்புக்கு இருக்கிற ஒரே கோப்பை.

— நிதானமா மூச்சு விடு. உனக்கு ரத்த அழுத்தம் இருக்கு.

— அதுவும் பதினேழு பேரோட ஜெயிச்சோம்! அதை விட்டுட்டேனே. பதினேழு பேரு, அதுல ஒருத்தனுக்கு ஒத்தைக் கை. பதினெட்டாவது ஆளுதான் வேலி ஏறிக் குதிச்சு ஓடிட்டானே, டெஸ் க்வில்டி.

— மெர்வ், போதும். செவ்வாய்க்கிழமைதான் அந்த மனுஷனைப் புதைச்சாங்க.

— புதைச்சா? இறுதி ஆட்டத்துல, எருது உடைஞ்ச எலும்போட உள்ள வர்றான், இவன் முழு எலும்போட வெளிய ஓடுறான். பாரடீன் தடியன் ஒருத்தன் முறைச்சானாம். செத்துட்டா கோழை வீரனாயிடுவானா? எழுதி வெச்சுக்கோ...

— கதவு திறந்திருந்துச்சு. உள்ள வரலாமா?

— அய்யோ, நொரீன்! வாம்மா, வா. எப்போ வந்த? டீ போடட்டுமா?

— வேண்டாம் டல்சி. எருது கட்டைப் பிச்சு எறிஞ்ச இடத்துலேர்ந்து வாசல்லதான் நிக்கிறேன். மெர்வ் நல்லாவே சொல்றான். எனக்கே கைதட்டலாம்னு தோணுச்சு.

— நொரீன், நீ வருத்தப்படணும்னு சொல்லல. ஆனா சொன்னதை மாத்திக்கவும் மாட்டேன்.

— மாத்திக்க வேண்டாம். நான் உன்னைத் தேடி வந்தது இதுக்கு. கறுப்பு டேப், ஒரு சுருள். கிளப்புக்கு ஆடினவர் இறந்தா அடுத்த ஆட்டத்துல பசங்க கையில சுத்திக்கிட்டு இறங்குவாங்க. பால்காரர் மகன் நாலே ஆட்டம் ஆடினான், அவனுக்கும் சுத்தினாங்க. என் புருஷன் டெஸ் தொண்ணூத்தியொரு ஆட்டம் ஆடினவரு.

— தொண்ணூறரை.

— டேய்!

— விடு டல்சி. தலைவர் இவன்தானே, இவன் வாயாலேயே வரட்டும். சுத்துவாங்களா, மாட்டாங்களா?

— மாட்டாங்க. நான் தலைவரா இருக்கிற வரைக்கும் நடக்காது. அந்த டேப் ஸ்னோயிக்குச் சுத்தினது. பெட்கோவுக்குச் சுத்தினது. எருது செத்தப்போ சின்னப் பசங்ககூட சுத்திக்கிட்டாங்க. மைதானத்துல நின்னவங்களுக்கு அது. ஓடினவனுக்கு இல்ல.

— எருதோட சவப்பெட்டியைத் தூக்கின ஆறு பேர்ல டெஸ்ஸும் ஒருத்தரு. ஞாபகம் இருக்கா?

— இருக்கு. எருது எழுதி வெச்சுட்டுப் போனதால விட்டோம். அந்த மனுஷனுக்கு மனசு பெருசு. ஊரே ஒதுக்கினவனோட போய் மீன் பிடிச்சிட்டிருந்தான். ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

— அதுலயும் உனக்குப் பங்கு உண்டு மெர்வ். வருஷா வருஷம் அந்த இறுதி ஆட்டம் நடந்த செப்டம்பர்ல, கோழைன்னு குத்திக் காட்ட எங்க தபால் பெட்டியில ஒரு கோழி இறகு கிடக்கும். நீதானே போடுவ?

— ...ஆமா. நான்தான்.

— மெர்வ்! வருஷா வருஷமா? எனக்குத் தெரியாதே, வெக்கமா இல்லையா உனக்கு?

— நல்ல இறகுதான் டல்சி, குறை சொல்லக் கூடாது. டெஸ் அதைத் தூண்டில் முள்ளுல கட்டி ஈ மாதிரி பண்ணிக்குவாரு. ட்ரவுட் மீன் ஏமாந்து கடிக்கும். எருதும் அவரும் அதை வெச்சுதான் பிடிப்பாங்க. சிவப்பு இறகு வந்த வருஷம் ரொம்ப நல்லா விழுந்துச்சு.

— கிண்டல் பண்ணத்தான் வந்தியா?

— டேப் சுத்தச் சொல்ல வந்தேன். கெஞ்ச வரல. கெஞ்சுறதா இருந்தா அந்த வருஷமே கெஞ்சியிருப்பேன், கசாப்புக் கடையில எல்லாருக்கும் குடுத்துட்டு எனக்குக் கடைசியா எடை போட்டப்போ. உன்கிட்ட ஒரு கணக்கு மட்டும் கேக்கணும். அதுக்குப் பதில் சொல்லிட்டு, அப்பவும் மாட்டேன்னா நான் போயிடுறேன். மறுபடி வர மாட்டேன்.

— கேளு. பத்து நிமிஷத்துல பசங்க இறங்கணும்.

— டெஸ் ஓடினது தலை எண்ணுறதுக்கு முன்னாடியா, அப்புறமா?

— முன்னாடி. அந்தக் கேப்டன் விரலை நீட்டிட்டு இருந்தப்போ. நான் எருதைத்தான் பார்த்துட்டு இருந்தேன். ஆனா அக்கா பார்த்தாங்க.

— ஆமா நொரீன். அந்த ஆளு ரெண்டாவது தடவை எண்ண ஆரம்பிச்சாரு, டெஸ் அந்தப் பக்கத்து வேலியில கையை ஊன்றித் தாண்டினாரு. உங்க காரு நின்ன இடம்.

— சரி. அதுக்கப்புறம் நடுவர் எண்ணினாரு. எத்தனை?

— எத்தனை தடவை சொல்றது? பதினெட்டு.

— டெஸ் இல்லாம.

— டெஸ் இல்லாம பதினெ...

— சொல்லு மெர்வ். பதினேழு பேரோட ஜெயிச்சோம்னு நாப்பத்தாறு வருஷமா சொல்ற. அதே வாயால நடுவர் எண்ணினது பதினெட்டுன்னும் சொல்ற. ரெண்டையும் ஒரே மூச்சுலதான் சொல்ற, இப்போகூட வாசல்ல நின்னு கேட்டேன்.

— இரு. எருது உள்ள வந்தான். ட்ரெவ் வெளிய வந்தான். அப்போ பதினெட்டு. க்வில்டி போனா...

— ட்ரெவ் வெளிய வந்ததை யாரு பார்த்தது?

— வந்திருப்பான். எருது உள்ள போனா அவன் வெளிய வரணும்ல.

— எருது யாரையும் கேக்காம ஓடினான்னு நீதான் சொன்ன. உன் தலைக்கு மேலதானே அந்தப் படம் இருக்கு. எருது உதைக்கிற படம். பின்னால வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிற பையன் யாரு?

— மெர்வ்... அது ட்ரெவ்டா. சட்டை எண் முப்பத்தொண்ணு. ட்ரெவ் டன்ஸ்டன்.

— கண்ணாடியைக் குடுக்கா.

— இந்தப் படத்துக்குக் கீழ உட்கார்ந்துதான் நாப்பத்தாறு வருஷமா பீர் குடிக்கிறோம்.

— ...பத்தொன்பது. பத்தொன்பது பேரு நின்னிருக்கோம்.

— நான் எதுவும் சொல்லல. சொல்ல மாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். எண்ணுன்னுதான் சொன்னேன்.

— அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— பின்வரிசையில நிக்கிறவனுக்கு எல்லார் முதுகும் தெரியும். அந்த விரல் அசையறதைப் பார்த்தாராம். இவரும் எண்ணினாராம். எருதைக் கூப்பிட்டு வெளிய போன்னு சொன்னா ஊரே பார்க்கும். ட்ரெவ் தூரத்துல நிக்கிறான். பக்கத்துல இருந்தது இவர் காலு மட்டும்தான். காருக்குள்ள பாய்ஞ்சு, பின்சீட்டுக்குக் கீழ படுத்து, போர்வையை மேல இழுத்துக்கிட்டாரு. "நொரீன், நேராப் பாரு, எண்ணிட்டிருக்காங்க"ன்னாரு. நான் நேராப் பார்த்தேன். எருது உதைச்சதை நான் பார்த்தேன். அவரு பார்க்கல. என்கிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு.

— நாப்பத்தாறு வருஷம் நொரீன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எங்கிட்டயாவது.

— சொன்னா அடுத்த நாளே பாரடீனுக்குப் போயிருக்கும். கோப்பை போயிருக்கும். எருது சொல்லிடுறேன்னு ஒரு தடவை கிளம்பினான். டெஸ் அவனை வாசல்லயே மறிச்சு, "அடுத்த தோளையும் நான் உடைப்பேன்"னாரு. எருது பயந்த ஒரே ஆளு அவருதான். "ஊருக்கு இருக்கிறது ஒரு கோப்பை. ஒருத்தன் கோழையா இருந்தா அது நிலைக்கும்னா, நான் இருந்துட்டுப் போறேன்"னாரு.

— மெர்வ், உட்காருடா. முகம் எல்லாம் வெளுத்துப் போச்சு.

— உட்கார நேரம் இல்ல. அக்கா, சுவத்துல இருக்கிற அந்த வருஷத்து அணிப் படத்துல அவன் முகத்து மேல நான் ஒரு பீர் லேபிள் ஒட்டினேனே, அதைச் சுரண்டு.

— காஞ்சு இறுகிக் கிடக்குது. நகத்துக்கு வராது.

— டீக்குச் சூடு பண்ற தண்ணியில துணியை நனைச்சுத் தேய். கண்ணாடி உடைஞ்சாலும் பரவாயில்ல. நொரீன், அந்த டேப்பைக் குடு.

— பதினெட்டுப் பேருக்கும் போதும். வெளிய உட்கார்ந்திருக்கிற மாத்து ஆளுங்களுக்கும் சேர்த்துதான் வாங்கினேன்.

— எனக்கும் வேணும். ரெண்டு கையிலயும். நொரீன், நான் உன்கிட்ட எப்படி...

— அதெல்லாம் அப்புறம். கோழி இருக்கிற வரைக்கும் செப்டம்பர்ல இறகு போட்டுட்டு இரு. அவரு தூண்டில் இன்னும் என்கிட்டதான் இருக்கு.

— பசங்க வெளிய வரிசை கட்டிட்டாங்க மெர்வ். ஒரு நிமிஷம் யோசி. அவங்க அப்பன், தாத்தா எல்லாரும் டெஸ்ஸைத் திட்டியே வளர்ந்தவங்க. க்வில்டிக்கு எதுக்கு டேப்புன்னு கேப்பாங்க. பத்தொன்பது பேரு கதையை வெளிய விடவும் முடியாது. என்னன்னு சொல்லுவ?

— உள்ளதைத்தான் சொல்லுவேன். மைதானத்தை விட்டு ஓடினதுக்குன்னு.